குடையில்லாமல் கடற்கரைக்கு

மகள் றாஹிலா,

வெயிலில் பேத்தி நிலோபருக்குக் குடை பிடிப்பது என் வழக்கம். நிறம் மங்கிவிடும் என்ற அச்சம். நேற்றுச் சுபைறா மாமி அவளைப் பார்த்து, "பறங்கித் தகப்பன்ட நிறம்! கலப்புப் புள்ளயள்தான் வடிவு" என்றார். நீ சினந்தாய், புகழ்ச்சிதானே என்று நான் உன்னைக் கண்டித்தேன்.

இன்று காலை நிலோபர் கேட்டாள்: "மூத்தாப்பா, கறுத்துப் போனா நான் வடிவில்லையா?"

அப்போது ஒரு கதை நினைவுக்கு வந்தது: ஆறும் கடலும் கலக்கும் நீரை நிலா நிறத்துக்காகவே புகழ்ந்ததாம். தன் மீன்களைப் பற்றியும் நிலா ஒரு வார்த்தை கேட்கும் என்று நீர் விடியும்வரை காத்திருந்ததாம். உன் கோபமே நியாயம், மகள்.

புட்டு அடுப்படியில் மூடியிருக்கிறது. மாமி அஸர் தொழுகைக்குப் பிறகு வருவார். தேநீர் கொடு, மற்றதை நானே வந்து அவரிடம் கதைக்கிறேன்.

வாப்பா

பி.கு.: நிலோபரும் நானும் கடற்கரையில் இருப்போம். குடை கதவுக்குப் பின்னால் இருக்கிறது. மழை வந்தால் மட்டும் எடுத்து வா.