மேற்கே இருந்த வயல்

தம்பிக்கு ராத்தாவின் ஸலாம்.

கட்டார் நாட்டு வேலையை விட்டு வந்து வாப்பாவின் வயலில் வேளாண்மை செய்யப்போவதாகப் போனில் சொன்னாய். வாப்பா பக்கத்தில் படுத்திருந்ததால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடலோரத்து மணலில் நெல் விளையாது என்றுதான் வாப்பாவின் வாப்பா மேற்கே போய்க் காடு வெட்டி வயலாக்கினார். நாட்டில் சண்டை வந்து அந்தப் பக்கம் போக முடியாமல் போனபோது நீ கைக்குழந்தை. சண்டை முடிந்து போய்ப் பார்த்தால் வயலெல்லாம் மரம். போன மாதம் வன இலாகாக்காரர்கள் அதைச் சுற்றி எல்லைக்கல் நட்டுவிட்டார்கள். கேள்விப்பட்டதும் வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"இது காடு, உள்ள போக ஏலாது" என்றார் அங்கே நின்ற உத்தியோகத்தர்.

"இது எங்கட வயல், மகன். வரம்பு தெரியுது, பாருங்க."

"இத்தின வருஷமா நீங்க வரல்லயே?"

"நாங்க விரும்பியா வராம கிடந்தம்?"

அவர் எல்லைக்கல்லைக் கையால் காட்டினார். வாப்பா அந்தக் கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். தூக்கித்தான் ஆட்டோவில் ஏற்றினோம்.

இப்போது கதைப்பது குறைவு. கஞ்சியும் இறங்குவதில்லை. டொக்டர் சொன்னதை உனக்கு எழுத வேண்டாம் என்று உம்மா சொல்லியிருக்கிறா.

நேற்று என் கையைப் பிடித்து, "தம்பி வந்து மாரிக்கு விதைப்பான், என்ன?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா" என்றேன்.

வயலை நம்பி நீ வர வேண்டாம். அது இனி நமக்குக் கிடைக்காது. ஆனாலும் வா. பிந்தாமல் கெதியாக வா.

உன் ராத்தா