கறள் டாங்கியில் கருவாடு

அன்பான அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைஞ்சுதோ? நான் நோர்வேயில நல்ல சுகம்.

பயப்பிடாதேங்கோ, நான் ஒரு சண்டை டாங்கி செய்தனான். பிளாஸ்ரிக் துண்டுகளை ஒட்டிச் செய்யிற கையளவு டாங்கி. மண்ணிறம் பூசி, உப்புத் தூவி, மேல பச்சை அடிச்சு, பிறகு உப்பைத் தேய்ச்சு எடுக்க, பச்சை உரிஞ்சு மண்ணிறம் தெரிஞ்சுது. எங்கட வளவுக்கு முன்னால உடைஞ்சு கிடந்த டாங்கியின்ர துருப்பிடிச்ச கறள் அப்பிடியே வந்திட்டுது!

இங்க இப்பிடிச் செய்யிற ஆக்களுக்கு ஒரு போட்டி வைச்சவை. அதுக்கு வந்த மற்ற டாங்கியெல்லாம் சண்டை பிடிச்சுக்கொண்டு நிண்டதுகள். என்ரதுக்கு மேல கருவாடு காய்ஞ்சுது.

"இது எந்தச் சண்டை?" எண்டு நடுவர் கேட்டார்.

"சண்டை முடிஞ்சுது. எங்கட ஊர் நாயாற்றில அம்மா கருவாடு காயப்போட்டிருக்கிறா" எண்டன்.

முதல் பரிசு எனக்குத்தான்!

இனி டாங்கிக்குப் பக்கத்தில உங்களையும் சின்னப் பொம்மையாச் செய்து வைக்கப்போறன். வேலைக்கு நேரமாச்சு, இதை மட்டும் கெதியா எழுதுங்கோ: அப்ப கருவாடு காயப்போடேக்க நீங்கள் போடுற சட்டை என்ன நிறம்? எனக்கு மறந்துபோச்சு அம்மா.

உங்கட கொலின்ஸ்