ஏறுகிற வீடு, இறங்குகிற வீடு

குருவிநத்தம்
5-6-2025, வியாழன்

எழில் அப்பாவுக்கு,

செல்வகுமாரி எழுதுவது. நலமா என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. கடிதம் என்றால் கேட்க வேண்டுமே என்று கேட்கிறேன்.

போனை எடுத்தால் மூன்றாவது வார்த்தையில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதற்காகத்தான் எழிலுக்கு நடக்கப் பயிற்சி கொடுக்கும் வில்லியனூர் மையத்து ஜோஸ்பின் டீச்சர் இந்த ஏற்பாட்டைச் சொன்னார். திங்களிலிருந்து வியாழன் வரை குழந்தை என்னிடம், வியாழனிலிருந்து திங்கள் வரை உங்களிடம். மையத்தில் கைமாற்றும்போது, அவள் நம்மிடம் இருந்த நாட்களில் என்ன செய்தாள் என்று எழுதிப் பையில் வைக்க வேண்டும். டீச்சரும் படிப்பாராம். அதனால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

நீங்கள் செய்து அனுப்பிய ஃபோம் படிகள் வந்து சேர்ந்தன. குட்டியானை வண்டியில் வந்து இறங்கியதைப் பார்த்து, நாங்கள் சோபா வாங்கிவிட்டோம் என்று தெருவே நினைத்துக்கொண்டது. நாலு படி, ஒரு சறுக்கு, ஒரு உருளை. மையத்தில் இருப்பதைப் போலவே இருக்கிறது. கடையில் சோபா தைக்கிற கை, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மேலே போட்டிருக்கும் ரெக்சின் வழுக்குகிறது. எழிலுக்கு உள்ளங்கால் வியர்க்கும் என்பது உங்களுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? ஒரு படி ஏறினாள். இரண்டு வயது இரண்டு மாதம், ஒரு படி.

காலை ஷிப்டுக்கு நாலரை மணிக்கு எழுந்தது. இதற்குமேல் எழுதத் தெம்பில்லை.

செல்வகுமாரி


ஒதியம்பட்டு
9-6-2025, திங்கள்

எழில் அம்மாவுக்கு,

நலம். டீச்சர் படிப்பார் என்பதால் மரியாதையாக எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியையும் அவர் என் எதிரிலேயே படித்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் உன் பேச்சைக் கேட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ரெக்சின் போட்டது என் தப்பு. துடைக்கச் சுலபமாக இருக்க வேண்டும் என்றே பழகிய கை. டீச்சரிடம் கேட்டதற்கு, ஒவ்வொரு படியும் பாதத்தில் ஒவ்வொரு மாதிரி பட வேண்டும், அப்போதுதான் கால் எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குப் புரியும் என்றார். இரண்டு வீட்டுப் படிகளுக்கும் புது உறை தைத்துவிட்டேன். முதல் படிக்குத் துண்டு, இரண்டாவதற்குக் கோணி, மூன்றாவதற்கு வரிவரியாக இருக்கும் சோபாத் துணி, உச்சிப் படிக்கு வெல்வெட். பையில் வைத்திருக்கிறேன், மாட்டிக்கொள். ஜிப் பின்பக்கம் இருக்கிறது.

இங்கே எழில் நாலு படியும் இறங்கினாள். குப்புறப் படுத்து, ஒரு காலைப் பின்னால் விட்டுத் துழாவி, மெதுவாக. எங்கள் அக்கா கைதட்டினாள்.

பலராமன்


குருவிநத்தம்
19-6-2025, வியாழன்

எழில் அப்பாவுக்கு,

உறைகள் சரியாகப் பொருந்தின. கோணிப் படியில்தான் அவள் அதிக நேரம் இருக்கிறாள். கால் விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்க்கிறாள். வெல்வெட்டை முதல் நாள் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அதில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை நாலு படியும் ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு உச்சியில் நின்றாள். நின்றாள் என்று எழுதும்போதே எனக்குக் கண் நிறைகிறது.

டீச்சர் படித்தாலும் பரவாயில்லை, ஒன்றை எழுதிவிடுகிறேன். ஒரு வயது முடிந்தபோதே டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "நானும் லேட்டாதான் நடந்தேன், இப்ப இன்னா கெட்டுப்போச்சி" என்றீர்கள். ஆறு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தசையில் பலம் குறைவு, முன்பே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் நான் துணிமணியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தேன். உங்கள்மேல் இருக்கும் கோபம்கூட ஆறிவிடும் போலிருக்கிறது. அந்த ஆறு மாதத்தின் மேல் இருக்கும் கோபம்தான் ஆறவில்லை. அதை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

செல்வகுமாரி


ஒதியம்பட்டு
23-6-2025, திங்கள்

எழில் அம்மாவுக்கு,

படித்தேன். பதில் எழுதிப் பார்த்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நாலு படியும் ஐந்து தடவை இறங்கினாள். கீழே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். கடையில் கல்யாண சீசன், கட்டிலும் மெத்தையுமாக வேலை குவிந்துகிடக்கிறது. முதுகு விட்டுப்போகிறது.

பலராமன்


வில்லியனூர்
3-7-2025, வியாழன்

எழில் அப்பாவுக்கு,

இதை மையத்தில் உட்கார்ந்தே எழுதுகிறேன். நீங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

நாம் இருவரும் எழுதியதை வைத்துக்கொண்டு டீச்சர் இன்று அவளைச் சோதித்துப் பார்த்தார். படிகளுக்குக் கீழே விட்டார். நாலும் ஏறினாள். உச்சிக்குப் போனதும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பத்து நிமிடம் ஆகியும் இறங்கவில்லை. பிறகு டீச்சரே அவளை எடுத்துத் தட்டிக்கொடுத்து, மறுபடி உச்சியில் குப்புறப் படுக்க வைத்தார். நாலும் இறங்கினாள். தரைக்கு வந்ததும் மறுபடி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அழுகை.

"உங்க வூட்ல எறக்கி வுடறது யாரு?" என்று கேட்டார். நான்தான். விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், அவள் உச்சிக்குப் போனதும் என் கை தானாகப் போய்விடும். "அங்க ஏத்தி வுடறது?" என்றார். அதற்கும் நானே பதில் சொன்னேன். வேலை முடிந்து வந்து, அவள் ஏறுகிறவரை உட்கார்ந்திருக்க உங்களுக்கு எங்கே முடியும்? தூக்கி உச்சியில் வைத்திருப்பீர்கள். ஏறியதை மட்டும் நான் எழுதினேன், இறங்கியதை மட்டும் நீங்கள் எழுதினீர்கள். இருவருமே பொய் எழுதவில்லை.

டீச்சர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "எங்க நம்ம கை வரும்னு கத்துக்கினு இருக்குது கொழந்த. மூணு மாசம் ஒரே வூட்ல, ஒரே ஆள் பாக்கட்டும். எந்த வூடுன்னு நீங்களே முடிவு பண்ணி சொல்லுங்க" என்றார்.

முடிவு பண்ணவும் எனக்கு அலுப்பாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

செல்வகுமாரி


ஒதியம்பட்டு
7-7-2025, திங்கள்

எழில் அம்மாவுக்கு,

நீ சொன்னது உண்மை. முதல் நாள் அரை மணி நேரம் காத்திருந்தேன், ஏறவில்லை. தூக்கி வைத்தேன், அழகாக இறங்கினாள். உனக்கு எழுத ஒரு நல்ல சேதி கிடைத்த சந்தோஷத்தில் தினமும் அப்படியே செய்தேன்.

அவள் உன்னிடமே இருக்கட்டும். ஏற்கெனவே ஆறு மாதத்தைக் கெடுத்தவன், இன்னொரு மூன்று மாதத்தைக் கேட்க எனக்கு வாயில்லை. இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். நீ இங்கே வந்துவிட்டால் ஒரே வீடாகிவிடும் என்பதுதான் அது. மையைத் தாண்டியும் தெரியும், தெரியட்டும்.

பலராமன்


குருவிநத்தம்
10-7-2025, வியாழன்

எழில் அப்பாவுக்கு,

மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். முடியவில்லை. அவள் உதடு பிதுங்கினாலே என் கை நீண்டுவிடுகிறது. ஷிப்ட் முடித்து அலுத்துப்போய் வருகிறவளுக்கு, அவளைத் தூக்கிக்கொள்வதைத் தவிர வேறு சுகமும் இல்லை. அந்தச் சுகத்தால்தான் அவள் கெடுகிறாள் என்றால் நான் என்ன செய்வேன்?

அதனால் உங்களிடம் அனுப்புகிறேன். எல்லாத் துணியையும் வைத்திருக்கிறேன். உங்களைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். குழந்தை அழுதாலும் அசையாமல் உட்கார்ந்திருக்க உங்களால் முடியும். அந்தக் குணத்தால்தான் ஆறு மாதம் போனது. இப்போது அந்தக் குணம்தான் தேவைப்படுகிறது. ஏறும்வரை காத்திருங்கள். இறங்கும்வரையும் காத்திருங்கள்.

இட்லியைப் பிய்த்துத் தட்டில் வைத்தால் தானே எடுத்துச் சாப்பிடுவாள். தூக்கம் வந்தால் காதைப் பிடித்துக்கொள்வாள். யாருடைய காதாக இருந்தாலும் சரி.

என்னைப் பார்த்தால் கையைத் தூக்கிவிடுவாள், அதனால் நான் வர மாட்டேன். விழுந்தால் எழுதாதீர்கள், எனக்குத் தாங்காது. நடந்தால் மட்டும் எழுதுங்கள். நீங்கள் அடித்த வரியைப் படித்தேன். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இல்லை.

செல்வகுமாரி


ஒதியம்பட்டு
4-8-2025, திங்கள்

எழில் அம்மாவுக்கு,

மூன்று வாரத்துக்கு மேல் நான் எழுதவில்லை. தினமும் விழுந்தாள்.

கடை முதலாளி சிங்காரவேலு அண்ணனிடம் சொல்லி, ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு வருகிறேன். அழுதாலும் என்னால் உட்கார்ந்திருக்க முடியும் என்று எழுதியிருந்தாய். முடியவில்லை செல்வி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் கீழே உட்கார்ந்து கையைத் தூக்கி அழுவாள், நான் மேலே சேரில் உட்கார்ந்து அழுவேன். அக்கா எங்கள் இருவரையும் திட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். டாக்டரிடம் போகலாம் என்று நீ சொல்லிச் சொல்லி நான் அசையாமல் இருந்த ஆறு மாதம் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது. மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இரண்டாம் வாரம் ஏறி, தானே இறங்கினாள். போன வாரம் உருளையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

இன்று மூன்று மணி, பயிற்சிக்காக மையத்துக்குக் கிளம்புகிற நேரம். கடைசிப் படியிலிருந்து இறங்கி, எதையும் பிடிக்காமல் ஐந்து அடி நடந்தாள். விழுந்தாள், எழுந்தாள், இன்னும் மூன்று அடி. நான் எதிரே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என்னிடம் வரவில்லை. வாசல் பக்கம் போனாள். திங்கட்கிழமை மூன்று மணி என்றால் உன்னிடம் போகிற நேரம் என்பதை அவள் மறக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தாலும் நடந்துவிட்டாள்.

டீச்சரிடம் கேட்டேன். நடக்க ஆரம்பித்த குழந்தை இனி எந்த வீட்டிலும் நடக்கும், இருவரும் கையை அடக்கினால் போதும் என்றார். இதைத் தபாலில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அழைத்து வருகிறேன். உங்கள் வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே இறக்கிவிடுவேன். நீ வாசலில் நின்றால் போதும், ஓடிவந்து தூக்கிவிடாதே. விழுந்து எழுந்து வர நேரமாகும். நானும் பின்னாலேயே தொடாமல் வருகிறேன்.

இனி அவள் உன்னிடமே இருக்கட்டும். நான் உள்ளே வரலாமா வேண்டாமா என்று அங்கே வைத்துச் சொல். வேண்டாம் என்றால் பன்னிரண்டு மணிக்குத் திரும்புகிற பஸ் இருக்கிறது.

பலராமன்