எனக்குப் பதிலாகப் போனவள்

சவர்லாண்ட்,
16.09.2024

அன்புள்ள சுஜானிக்கு,

முதுகு இன்னும் சொல்வழி கேட்கவில்லை. மற்றபடி நான் நலம். இந்த மறுவாழ்வு மருத்துவமனை மலைக்காட்டுக்குள் இருக்கிறது. போன் பாதிப் பேச்சில் அறுந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். காலையில் தண்ணீருக்குள் நடக்க விடுகிறார்கள். மத்தியானம் உப்பில்லாத உருளைக்கிழங்கு.

அடுத்த புதன்கிழமை பள்ளிக்கூடப் பெற்றோர் சபையின் தலைவர் தெரிவுக்கு என்னால் வர ஏலாது. எங்கள் வகுப்புக்கு நான் பிரதிநிதி, நீர் துணை. ஆகவே எனக்குப் பதிலாகப் போய் என் பெயரை முன்மொழியும். வராதவரும் நிற்கலாமாம், சம்மதம் எழுதிக் கொடுத்தால் போதுமாம். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

மலசலகூட விடயத்தைக் கட்டாயம் சொல்லும். பாடநேரத்தில் பூட்டி வைக்கிறார்கள். இடைவேளையில் நாற்றம் தாங்காமல் பிள்ளைகள் உள்ளே போவதில்லை. என் றெபெக்கா அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்றோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பார்த்தீர்தானே. அதற்குப் பிறகுதான் தாய்மார் ஒவ்வொருவரிடமும் போய்க் கதைத்தேன். தமிழ்க்கடை அரியரத்தினம் அண்ணைகூடச் சிரித்தார். "தங்கச்சி, கக்கூசுக்கே எலெக்சன் கேக்கிறீர்?" என்றார். "ஓம் அண்ணை, அதுக்குத்தான்" என்றேன்.

நீர் இங்கே ஜெர்மனியிலேயே பிறந்த பிள்ளை. உமது டொச் பாஷையில் என் பெயரைச் சொன்னால் எடுபடும்.

உமது மகன் நிசாந்துக்கு என் முத்தங்கள்.

அன்ரனிற்றா அக்கா


டோர்ட்மண்ட்,
26.09.2024

அன்பின் அக்கா,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று என்னைத் தலைவியாகத் தெரிவு செய்துவிட்டார்கள்.

உங்கள் பெயரைத்தான் முன்மொழிந்தேன். "முகமே தெரியாத ஒருவருக்கு எப்படி வாக்குப் போடுவது?" என்று ஒரு தகப்பன் கேட்டார். நீங்கள் யார் என்று விளங்கப்படுத்த எழும்பினேன். மலசலகூடத்தைப் பற்றிச் சொன்னேன், றெபெக்கா ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அதிபர்கூட எழுதுவதை நிறுத்திப் பேனையை வைத்தார். அப்போது ஒரு தாய், "நீங்களே நில்லுங்களேன்" என்றார்.

மாட்டேன் என்றேன். ஆனால் எதிரே நின்றவர் பழைய தலைவர். சுத்தம் செய்வது துப்புரவு நிறுவனத்தின் பாடு, பெற்றோரின் வேலையல்ல என்கிறவர். வராத ஆள் என்று உங்களைத் தோற்கடித்து அவரையே திரும்பவும் கொண்டுவரப் போகிறார்கள் என்று பட்டது. உங்கள் பெயரை விலக்கிக்கொண்டு, நான் ஓம் என்றுவிட்டேன்.

கைதட்டியபோது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது அக்கா. உங்களிடம் மறைக்க மனமில்லை.

சுஜானி


சவர்லாண்ட்,
29.09.2024

சுஜானிக்கு,

வாழ்த்துகள். பள்ளிக்கூட இணையப் பக்கத்தில் உமது படத்தைப் பார்த்தேன். நீலக் கோட்டு நல்ல வடிவு. நிற்கிற எண்ணம் இல்லாமல் போன ஆள் எதற்காக அப்படி உடுத்திக்கொண்டு போனா என்று யோசித்தேன்.

படத்தைப் பெரிதாக்கி, என்னோடு அறையில் இருக்கிற ஜெர்மன்காரிக்கும் காட்டினேன். "உங்கட தங்கச்சியோ? படிச்ச ஆள் போல கிடக்கு" என்ற கருத்தில் ஏதோ சொன்னா. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்தொன்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து, சமையற்கூடங்களில் நின்று இந்தப் பாஷையைப் படித்தேன். நான் கதைப்பது எல்லோருக்கும் விளங்கும்; ஒருவரும் காது கொடுப்பதில்லை. நீர் வாயைத் திறந்தால் அதிபர் பேனையை வைக்கிறார்.

ஆஸ்பத்திரியில் கிடந்தது என் பிள்ளை. பக்கத்தில் முழித்திருந்தது நான். கைதட்டு உமக்கு.

என் பெயரை விலக்க உமக்கு யார் உரிமை தந்தது? தோற்றிருந்தால் நான் தோற்றிருப்பேன். தோற்கவாவது விட்டிருக்கலாம்.

அன்ரனிற்றா


டோர்ட்மண்ட்,
02.10.2024

அன்பின் அக்கா,

அந்தக் கோட்டு நான் வேலைக்குப் போடுகிறது. அன்று கந்தோரிலிருந்து நேரே போனேன். இதை எழுத வேண்டி வந்ததே வெட்கமாக இருக்கிறது.

உங்கள் பெயரை உங்களைக் கேட்காமல் விலக்கியது சரியில்லை. போனில் பிடிக்க முயன்றிருக்கலாம். அவசரத்தில் தோன்றவில்லை.

அதிபரோடு கதைத்துவிட்டேன். இலையுதிர்கால விடுமுறை முடிந்ததும் பாடநேரத்திலும் கதவுகள் திறந்திருக்கும். துப்புரவுக்குப் பகலிலும் ஓர் ஆள் வருவார். இது அன்ரனிற்றாவின் வேலை என்று சொன்னேன். கூட்டக் குறிப்பில் என் பெயரைத்தான் போட்டார்கள்.

ஒன்று சொல்லட்டுமா? பள்ளி வாசலில் எங்கள் தமிழ்த் தாய்மார் எல்லோரும் உங்களைச் சுற்றித்தான் நிற்பார்கள். நான் போனால் கதை நின்றுவிடும், வணக்கம் சொல்லுவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நிற்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியாது.

நான் விலகுகிறேன். திரும்பத் தெரிவு வைக்கட்டும். நீங்கள் வந்து நில்லுங்கோ, நான் பின்னால் நிற்பேன். பதில் போடுங்கோ.

சுஜானி


டோர்ட்மண்ட்,
11.10.2024

சுஜானிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நீர் விலக வேண்டாம். நீர் விலகினால் அந்த மனுசன் திரும்பவும் வந்து குந்திவிடுவார், கதவும் திரும்பப் பூட்டுப்படும். என் மனம் ஆறுவதற்காகப் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

நேற்றுப் பள்ளி வாசலில், "சுஜானி நல்லாச் செய்யிறா, என்ன?" என்று கேட்டார்கள். "ஓம், நல்லாச் செய்யிறா" என்றேன். வாய் சொன்னது, வயிறு எரிந்தது.

உம்மை நேரில் கண்டால் இதெல்லாம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். பின்னேரம் கடையில் உம்மைத் தூரத்தில் கண்டேன். பால் அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கி, நீர் காசு கட்டிவிட்டுப் போகும்வரை நின்றேன். இந்த வயதில்.

நீர் பெரிய பிழை ஏதும் விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. நான் நின்றிருந்தால் தோற்றிருப்பேன். நீர் நின்றீர், வேலை நடந்தது. அதை என்னால் மன்னிக்க ஏலாமல் கிடக்கிறது.

வகுப்புப் பிரதிநிதிப் பொறுப்பையும் விட்டுவிடுவதாக ஆசிரியைக்கு எழுதிவிட்டேன். முதுகைச் சாட்டியிருக்கிறேன். நீரும் அப்படியே சொல்லும். எங்களுக்குள் சண்டை என்று ஒருவரும் கதைக்க வேண்டாம்.

நிசாந் வெள்ளிக்கிழமைகளில் வழமைபோலப் பள்ளியால் நேரே இங்கே வரட்டும். மீன் பொரித்துச் சோறு கொடுப்பேன். பிள்ளையிடம் எனக்கு ஒன்றுமில்லை. அவனைக் கூட்டிப்போக வரும்போது கீழே நின்று மணியை அடியும், அனுப்பிவிடுகிறேன். நீர் மேலே ஏறி வர வேண்டாம்.

கொஞ்சக் காலத்துக்கு.

அன்ரனிற்றா அக்கா