காகிதம் ஆடக்கூடாது

ஜூன் 4

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். போனில் கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேட்கிறேன். போனில் கேட்டால் சிக்னல் சரியில்லை என்று நழுவிவிடுகிறீர்கள். எழுத்தில் என்னிடம் நழுவ முடியாது. பத்தொன்பது வருஷமாக ஆங்கில விடைத்தாள் திருத்துகிறேன்; பதில் தெரியாத பிள்ளை பக்கத்தை எப்படி நிரப்பும் என்று எனக்குத் தெரியும்.

அங்கே ஆஸ்பத்திரியில் உங்களோடு வேலை பார்த்து, உங்கள் அறையில் கூட இருக்கும் எக்ஸ்ரேக்காரரின் மனைவி நேற்று மருந்துக் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்டுக்காரர் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் குளிச்சிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு எங்கேயோ போறாராம். கேட்டா, சும்மா நடந்துட்டு வரேன்னு சொல்றாராம்." காலையில் கண்ணாடி முன்னால் நின்று உதட்டைக் குவித்துக் குவித்துப் பார்க்கிறீர்களாம். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் வாங்க வந்த மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில், நான் எடுத்துக் கொடுக்காமல் நீங்கள் ஒரு நல்ல சட்டை மாட்டியதில்லை. இது யாருக்காக?

டீச்சர்

*

ஜூன் 15

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். ரத்த மாதிரிக் குழாய்களுக்கு நடுவில் என் ரத்தமும் கொதித்தது. எக்ஸ்ரேக்காரனுக்கு அடுத்தவன் எலும்பைப் பார்த்துப் பார்த்து அதே புத்தி வந்துவிட்டது. நடக்கத்தான் போகிறேன். நாற்பதைத் தாண்டியவன் நடக்க வேண்டாமா? வேர்வையோடு போனால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள் என்று குளித்துவிட்டுப் போகிறேன்.

செப்டம்பரில் என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். ஆனதும் உங்கள் இருவரையும் இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள மனுக் கொடுக்க வேண்டும். இத்துடன் படிவம் வைத்திருக்கிறேன். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மகளை நன்றாகச் சாப்பிடச் சொல்.

உன் முதல் மாணவன்

*

ஜூன் 27

அன்புள்ளவருக்கு,

கேட்டது ஒரு கேள்வி. வந்தது ஒரு பக்கம் எலும்பும் ரத்தமும். பத்துக்கு இரண்டு.

நடக்கப் போகிறவர் கையில் நோட்டு எதற்கு? அதையும் விசாரித்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை நானாக உங்களைக் கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் "ஹலோ" சொல்வதற்குள், பக்கத்தில் ஒரு பெண் குரல், 'இன்னொரு முறை, மெதுவாக' என்று ஆங்கிலத்தில் சொன்னது. உடனே போனை வைத்துவிட்டீர்கள். நான் அன்றைக்கு முழுக்க அந்தக் குரலோடுதான் குடித்தனம் நடத்தினேன். எதை இன்னொரு முறை? எதை மெதுவாக?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. படிவம் மேஜைமேல் கிடக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.

டீச்சர்

*

ஜூலை 9

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தக் குரலுக்கு எழுபத்தொரு வயது. வானொலியில் செய்தி வாசித்து ஓய்வுபெற்ற அம்மாள். நூலகத்தின் பின்னறையில் என்னைப் போன்றவர்களுக்கு உச்சரிப்புச் சொல்லிக் கொடுக்கிறார். ஆஸ்பத்திரியே அனுப்பியது.

இங்கே ரத்தப் பரிசோதனை முடிவை வார்டுக்குப் போனில் சொல்ல வேண்டும். அவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், நாம் சரி பார்க்க வேண்டும். நான் சொன்னால் மூன்று தடவை கேட்கிறார்கள் என்று ஒரு நர்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டாள். போனில் பேச முடியாதவனுக்கு நிரந்தரம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதை ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். ஆங்கில நேர்காணலுக்கு இரண்டு முறை போய் வாய் திறக்காமல் திரும்பி வந்தவன் நான். கல்யாணமான முதல் வருஷம் நீ சமையலறையில் உட்கார வைத்து, காலண்டர் தாளைக் கீற்றாகக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் பிடித்தாய். "பேஷண்ட் சொல்லுங்க. பொட்டாசியம் சொல்லுங்க. எச்சில் தெறிக்கக் கூடாது. காகிதம் ஆடக்கூடாது." அப்படிப் பேசித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

அந்த அம்மாளும் முதல் நாளே ஒரு காகிதக் கீற்றைப் பிடித்தார். நான் பெருமையாகப் பேஷண்ட் என்றேன். அசையவே இல்லை. "அதுதான் தப்பு. ஆங்கிலத்தில் P, T எழுத்தில் தொடங்கினால் மூச்சும் சேர்ந்து வெளியே வரணும், காகிதம் ஆடணும்" என்றார். என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தார். அதில் இருந்தது முக்கால்வாசி நீ சொல்லிக் கொடுத்தது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வேன்?

உன் முதல் மாணவன்

*

செப்டம்பர் 12

அன்புள்ளவருக்கு,

உங்கள் ஜூலைக் கடிதத்தை நம்பினேன் என்று சொன்னால் பொய்; அதனால்தான் இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. எழுபத்தொன்று என்றால் எழுபத்தொன்றுதானா என்று எக்ஸ்ரேக்காரரை நூலகத்துக்கே அனுப்பி விசாரித்தேன். கோபித்துக்கொள்ளுங்கள். வேறொரு பெண்ணாக இருந்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். இந்த அம்மாளிடம் எப்படிச் சண்டை போடுவது?

நேற்று வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கீற்றுக் கொடுத்துப் பேஷண்ட் என்று சொல்லச் சொன்னேன். ஒரு காகிதமும் ஆடவில்லை. "மிஸ், சரியா?" என்று கேட்டார்கள். சரி என்றுதான் சொன்னேன். நேற்று அதற்குமேல் எனக்குத் தைரியம் இல்லை.

நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தது வேலை நிரந்தரமானதைச் சொல்லத்தான் என்று பிறகு எக்ஸ்ரேக்காரரின் மனைவி சொன்னாள். கிளார்க் ஓடி வந்து, "டீச்சர், யாரோ வெளிநாட்டுக்காரர் கூப்பிடறார்" என்றார். எடுத்தேன். "டீச்சர்" என்றீர்கள். நான் ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடையாளம் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் வைத்தேன். பதினான்கு வருஷமாக நீங்கள் என்னைக் கூப்பிடுகிற சொல் அது. அதையுமா அந்த அம்மாளிடம் கொண்டு போய்க் கொடுத்தீர்கள்?

படிவத்தில் இன்று கையெழுத்துப் போட்டேன். தபாலில் சேர்க்கவில்லை. நான் அங்கே வந்து வாயைத் திறந்தால், "இந்த நாட்டில் அப்படிச் சொல்ல மாட்டார்கள்" என்று என் பக்கத்தில் நின்று திருத்துவீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இத்துடன் ஒரு கீற்று வைத்திருக்கிறேன், காலண்டர் தாள்தான். உதட்டுக்கு முன்னால் பிடித்து என்னைக் கூப்பிட்டுப் பாருங்கள். ஆடியதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். பொய் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன்.

டீச்சர்

*

செப்டம்பர் 23

அன்புள்ள டீச்சருக்கு,

ஆடியது.

மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். எக்ஸ்ரேக்காரனை வெளியே போகச் சொன்னேன். நாலு தடவை கூப்பிட்டேன், நாலு தடவையும் ஆடியது. ஆடவில்லை என்று எழுதிவிடலாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லி உன்னை இங்கே வரவழைக்க மனசு வரவில்லை. முன்பு மறைத்ததே போதும்.

படிவத்தைத் தபாலில் சேர்ப்பதும் சேர்க்காததும் உன் இஷ்டம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு உன்னைப் பழையபடி கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எப்படி எப்படியோ சொல்லிப் பார்த்தேன். என் வாய்க்கு வரவில்லை. முன்பு நான் அதை எப்படிச் சொன்னேன் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

உன் முதல் மாணவன்