மூத்தவருக்குப் போட்ட மார்க்

ஜூலை 2

மூத்தவருக்கு இன்று பன்னிரண்டு மார்க். நூற்றுக்கு.

மூத்தவர் என்றால் என் ஜீப். கல்யாணத்துக்கு முன்பே ஏலத்தில் எடுத்தது. "எனக்கு முந்தி வந்தவரு, மரியாதை குடுக்கணும்ல" என்று புது மாப்பிள்ளையாக இவர் சொன்னது அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. தினமும் காலையில் இவரைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு நான் மேல் பண்ணைகளுக்கு ஏறுவேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்காமல் எந்த வண்டியும் அந்தப் பாதையில் ஏறாது. மாட்டு டாக்டரைப் பஸ்ஸில் வா என்றால் கன்று காத்திருக்குமா?

இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கு முதுகு விட்டே போச்சு. உன் ஆளு என்னைக் கணக்கு வாத்தியாரா கொண்டுவந்து கூழாங்கல்லா எறக்கறாரு." அப்புறம்தான் அந்தப் பன்னிரண்டு. இனிமேல் தினமும் மார்க் போடுவாராம்.

சிரித்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. ஒரு மாதமாகவே முதுகு முதுகு என்கிறார். மழைக்காலம் முடிவதற்குள் மூத்தவரைப் பஞ்சு மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன்.

ஜூலை 6

மெக்கானிக் டயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "டாக்டரம்மா, இதுல ஆளா ஏத்துறீங்க, செங்கல்லா?" சரக்கு வண்டிக்கு அடிக்கிற காற்றை இத்தனை நாளும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இறக்கச் சொன்னார். இறக்கினோம்.

ஜூலை 7

இருபது. "காத்துக்கு எட்டு மார்க். அவ்வளவுதான் தேறும்."

ஜூலை 13

ஒரு பையனின் அப்பா வீடு தேடி வந்திருந்தார். பாஸ் ஆக முப்பத்தைந்து வேண்டும், பையன் எடுத்தது முப்பது. மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "அஞ்சு மார்க்தானே சார்" என்று கெஞ்சினார். இவர் விடைத்தாளை எடுத்து வந்து ஒவ்வொரு கணக்காகக் காட்டினார். பொறுமையாகத்தான். கடைசியில், "இல்லாத மார்க்க எங்கேருந்து போடறது?" என்று முடித்துவிட்டார்.

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். அஞ்சு மார்க் போட்டால் உங்கள் சொத்தா குறைந்துவிடும்? "பாவம் பாத்துப் போட்டா அதுக்குப் பேரு மார்க் இல்ல." கல்லுளிமங்கர். அரை மார்க்குக்கு அசையமாட்டார்.

நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் மேஜையில் ஊன்றி எழுந்தார். அடுத்த ஞாயிறு ஷாக் அப்சார்பரைப் பார்த்துவிட வேண்டும்.

ஜூலை 20

ஷாக் அப்சார்பர் நான்கையும் கழற்றினோம். மெக்கானிக் ஒன்றை அமுக்கிக் காட்டினார். அமுங்கியது, அப்படியே கிடந்தது. "இதுல எண்ணெயே இல்லம்மா. உசிரு போயி ரொம்ப நாளாச்சு." வெளியே பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். "வெளிய எப்பவும் நல்லாத்தான் இருக்கும்."

புதிது போட்டாயிற்று. மேடு ஏறி இறங்கினால் முன்பெல்லாம் பந்து மாதிரி நாலைந்து தரம் துள்ளும், இப்போது ஒரு அசைவோடு அடங்கிவிடுகிறது. இவர் நாற்பத்தைந்து போட்டார். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி குதித்தேன். வயதுக்கேற்ற காரியமா?

ஜூலை 24

பெல்ட்டில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுத் தரச் சொன்னார். நான் சொல்லிச் சொல்லிச் சாப்பாட்டைக் குறைத்ததற்குப் பலன் தெரிகிறது.

ஆகஸ்ட் 3

இன்றுதான் பெரிய வேலை. ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றினோம். எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் சுமை ஏற்றுவதற்காகப் பின்பக்கம் கூடுதலாக ஒரு பட்டை சொருகியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டோம். மீதிப் பட்டைகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்பிரிங், ஒட்டிக்கொண்டால் வெறும் இரும்பு என்றார் மெக்கானிக். நானும் உட்கார்ந்து துருவைத் தேய்த்துக் கிரீஸ் தடவினேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. கட்டும்போது பட்டை நுனிகளில் தேய்ந்துபோன ரப்பர் புஷ்களையும் மாற்றினோம்.

இவரும் கூட வந்திருந்தார். நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மெக்கானிக் என் பக்கம் குனிந்து, "சாருக்கு உடம்பு முடியலையா? முகமே சுண்டிப்போச்சே" என்றார்.

"எல்லாம் நீங்க இப்பக் கழட்டின இரும்பு செஞ்ச வேலைதான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

திரும்பும்போது எழுபது.

ஆகஸ்ட் 9

மேல் பண்ணையில் ஒரு மாடு. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது, தீனி எடுக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, ஆணியோ கம்பியோ விழுங்கியிருக்கிறது. பண்ணைக்காரர் தரைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கல் தரை, அதனால் கால் வலியாம். முதலில் வைக்கோல் பரப்பினாராம், அப்புறம் ரப்பர் பாய் வாங்கிப் போட்டாராம்.

எனக்கு வந்ததே கோபம். "தரையப் பாத்தீங்களே, மாட்டப் பாத்தீங்களா?" என்று கத்திவிட்டேன். பாவம், வாயில்லாத ஜீவன். இனிமேல் பிழைப்பது சந்தேகம்தான்.

இவரிடம் சாயங்காலம் சொன்னேன். "மாடு எதுவும் காட்டிக்கலையா?" என்று கேட்டார். அது காட்டும், பார்க்கிறவனுக்குத்தான் கண் வேண்டும் என்றேன்.

எழுபத்தெட்டு.

ஆகஸ்ட் 17

பழைய கார் ஒன்றின் சீட்டை வாங்கி இவர் பக்கம் பொருத்தியாயிற்று. சாய்ந்துகொள்ளலாம், இடுப்புக்கு அணைவாக இருக்கும். முன்னால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டினேன். உடைந்த பாலத்தைத் தாண்டியும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை! மூத்தவரா இது? தொட்டில்!

இவர் தொண்ணூறு போட்டார். போட்டது எப்போது தெரியுமா, தெருமுனை திரும்புவதற்குள். பாலமே வரவில்லை. விடைத்தாளைப் பிரிக்காமல் மார்க் போடுகிற ஆளா இவர்? அரை மார்க்குக்கு அழவைக்கிறவர் ஏன் வாரி வழங்குகிறார்?

என்னவோ. டம்ளரைக் கண்ணால் பார்த்தேனே. சிந்தவில்லை.

ஆகஸ்ட் 21

மகள் போனில் கேட்டாள்: "அப்பா ஏன் மூச்சப் பிடிச்சுப் பிடிச்சுப் பேசறாரு?" மாடி ஏறி வந்திருப்பார் என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இவர் மாடிக்குப் போய் எத்தனை நாளாயிற்று?

ஆகஸ்ட் 26

எழுதிவிடுகிறேன்.

காலையில் பாதையை அடைத்துக்கொண்டு ஆட்டுமந்தை. நின்றேன். மந்தை நகர்வதாக இல்லை, இன்ஜினையும் அணைத்துவிட்டேன். சத்தமே இல்லை. மூத்தவர் அசையாமல் நிற்கிறார். அடுத்து என்ன செய்யலாம், கதவு ரப்பரை மாற்றலாமா என்று கேட்க இவர் பக்கம் திரும்பினேன்.

மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கண்ணை மூடியிருந்தார். காது ஓரத்தில் வியர்வை இறங்கியது.

"என்னங்க."

"ம். நல்லாத்தான் போகுது. தொண்ணூத்தஞ்சு."

"வண்டி நிக்குதுங்க."

கண்ணைத் திறந்தார். ஆடுகளைப் பார்த்தார். கைப்பிடியிலிருந்து கையை எடுக்கப் பார்த்தார், முடியவில்லை.

முதுகு வளைந்திருந்தது. வில்லாக. நான் தினமும் பார்க்கிற வளைவு.

ஆகஸ்ட் 27

கேட்டேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும். ஏன் சொல்லல, எத்தன நாளா இப்படி, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?

இவர் மெதுவாகத்தான் பேசினார். "மொதல்ல நெசமாவே வண்டிதான்னு நெனச்சேன். வண்டி சரியாகச் சரியாக வலி ஏறிட்டே போச்சு. நீ கையெல்லாம் கிரீஸோட வந்து எத்தன மார்க்னு கேப்ப. என்னன்னு சொல்றது? வண்டின்னு இருக்கிற வரைக்கும் வேற எதுவும் இல்லேன்னு இருந்துச்சு."

எனக்கும் அப்படித்தான் இருந்ததோ? பட்டை, புஷ், சீட். ஒன்று முடிந்தால் அடுத்தது. எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை.

பயமாயிருக்கு. ரொம்பப் பயமாயிருக்கு.

ஆகஸ்ட் 30

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, "எத்தன நாளா வலி?" என்று டாக்டர் கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"வண்டி கொஞ்சம் பழசு..." என்று இவர் ஆரம்பித்தார்.

"எந்த வண்டி?" என்றார் டாக்டர்.

முதுகெலும்பை இரண்டு இடத்தில் புற்று அரித்திருக்கிறது. அது முதுகில் தொடங்கியதே இல்லையாம். வேறெங்கோ தொடங்கி, போகிற போக்கில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கே என்று தேட வேண்டும். முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் காதிலேயே நிற்கிறது.

செப்டம்பர் 1

மேல் பண்ணை மாடு செத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 5

நுரையீரல்.

செப்டம்பர் 12

இன்று முதல் சிகிச்சை. இனி வாரா வாரம் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். "வேணாம், எங்க வீட்ல மூத்தவரு இருக்காரு. இப்ப எல்லாம் தங்கமானவரு" என்று இவர் அங்கே இருந்த நர்ஸிடம் சொன்னார். அந்தப் பெண் யாரோ அண்ணன் என்று நினைத்துத் தலையாட்டியது.

திரும்பி வரும்போது சீட்டை நன்றாகச் சாய்த்து, இரண்டு தலையணை வைத்து, மெல்ல ஓட்டினேன். டம்ளர் வைக்கவில்லை. ஊருக்குள் நுழையும்வரை பாதையை மட்டும் பார்த்தேன். அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"மூத்தவருக்கு எத்தன?"

யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார், பழைய மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. "எண்பத்திரண்டு. காலைல போறப்ப பாலத்துல ஒரு உதறல். அதுக்குக் கொறச்சாச்சு."

தொண்ணூற்றைந்திலிருந்து பதின்மூன்று மார்க் போனதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் திரும்பக் கிடைத்துவிட்டார். அந்தத் தைரியத்தில் அடுத்ததையும் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட மதில் வந்து, போயிற்று.

"முப்பது."

"அஞ்சு மார்க்தானேங்க. போட்டா என்ன?"

என் பக்கம் திரும்பினார். சிரிக்கத்தான் பார்த்தார். "இல்லாத மார்க்க எங்கேருந்து போடறது?"

பாலம் வந்துகொண்டிருந்தது. கியரைக் குறைத்து, ஒவ்வொரு சக்கரமாக மெதுவாக இறக்கி ஏற்றினேன்.