ஆழிக்கோட்டை கைமாறிய நாள்

திரை மங்காது ஒளிர்க. விசை பழுதின்றி இயங்குக.

வடகரைப் பொன்வாயில் நாட்டின் பெருவணிகரும், பன்னிரண்டு ஆட்டமாடங்களை விலைக்குக் கொண்டு ஒரே கொடியின்கீழ் நிறுத்தியவருமான காரிநாயகனார்க்கு, தென்கரை வெண்ணல் நாட்டு வேந்தர் அலைகொண்டார் திருவாய் மலர்ந்தபடி, ஆட்டத்துறை அமைச்சன் பூதன்தேவன் எழுதும் ஓலை. நும் நாட்டில் மழை தப்பாது பெய்க. நும் துறையில் பாய்மரம் குறையாது நிற்க. நும் இல்லத்தார் நலம் பெருகுக. எம் நாடு நலமே. மூன்று நாளாக ஊரே துள்ளிக்கொண்டிருக்கிறது. எழுத்தாணி என் கையில் நிற்கவில்லை. வரி கோணினால் பொறுத்தருள்க.

நும் முழு அதிகாரம் பெற்ற முகவர் சேந்தன் கோவனார், எம் தலைநகரத்து மின்மினி மாடத்தை வாங்கும் விலையோலையுடன் வந்திறங்கினார். ஒளிப்பலகையில் விரல்விசையால் ஆடும் ஆழிக்கோட்டை என்னும் ஆட்டத்தை ஆக்கிய மாடம் அது. மாடம் நும் நிறுவனத்தோடு இணைக என்றும், ஆழிக்கோட்டை வரும் முழுநிலவன்று அணைக்கப்படுக என்றும், ஆக்குநர் நூற்றிருபதின்மருள் எண்பதின்மர் வீடு செல்க என்றும் நீர் எழுதியிருந்ததை அவையில் வாசித்தனர். முன்னர் நீர் வாங்கிய மாடங்களுக்கு நேர்ந்ததை நாடறியும். வாயிலில் பெயர்ப்பலகை இருக்கும், உள்ளே ஆள் இராது. அன்று மின்மினி மாடத்தில் ஒருவரும் உண்ணவில்லை. ஒளிப்பானேன், யானும் அந்த ஆட்டத்தில் பதினோராம் படிவரை ஏறியவன். யானும் உண்ணவில்லை.

ஆயினும் எம் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டமாடத்தை வாங்க வருபவர், அதன் ஆட்டத்தில் முதற்படியை ஊரார் முன்னிலையில் தம் கையாலேயே ஆடி ஏறிய பின்னரே உடையவர் ஆவார். குதிரை வாங்குபவன் ஏறிப் பார்க்க வேண்டாமா என்பர் எம் முன்னோர். கோவனார் இதைக் கேட்டு நகைத்தார். நானூறு ஆட்டங்களுக்கு விலை மதித்த தமக்கு ஒரு படி எம்மாத்திரம் என்றும், உச்சிப்பொழுதுக்குள் முடித்து உணவுக்கு எழுவதாகவும் உரைத்தார். விலை மதித்தவர் ஒன்றையேனும் ஆடியதில்லை என்பது, அவர் பலகைமுன் அமர்ந்து விசைக்கட்டையைத் தலைகீழாகப் பிடித்ததும் ஊருக்கு விளங்கிற்று.

பலகையில் முதல் அலை வந்தது, ஆட்டத்துள் கோவனார் மூழ்கினார். மீண்டும் மூழ்கினார். உச்சிப்பொழுது போயிற்று, உணவு ஆறிற்று, நாற்பத்தொரு முறை மூழ்கினார். ஊரார்க்கோ தீபாவளி! அவ்வேளையில் உப்பு விற்கும் நீலி என்பாள் பொறுக்கமாட்டாமல், அலையை எதிர்த்துத் தாவலாகாது என்றும், அது பின்வாங்கும் கணத்தில் கயிற்றைப் பற்ற வேண்டும் என்றும் உரக்கச் சொல்லிவிட்டாள். ஊரார் அவள் வாயைப் பொத்தினர். சொன்னது சொன்னதுதான். நாற்பத்திரண்டாம் முறை கோவனார் கயிற்றைப் பற்றி மதிலேறினார்.

வழக்கப்படி மாடம் நும்முடையதாயிற்று. நீலி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். யான் விலையோலையை அவர்முன் வைத்தேன்.

அவர் ஓலையைப் பார்க்கவில்லை. மதிலின்மேல் தெரியும் பச்சைக் கதவுக்கு அப்பால் யாது உளது என வினவினார். தலைமை ஆக்குநர் நல்லினி, அப்பால் முப்பது படிகள் ஆக்கப்பட்டுள்ளன என்றும், மற்றவை வீடு செல்லவிருக்கும் எண்பதின்மரின் தலைக்குள்ளேதான் இருக்கின்றன என்றும், முழுநிலவுக்குப்பின் அவற்றை எவரும் காணப்போவதில்லை என்றும் விடையளித்தார். கோவனார் தாம் சுமந்துவந்த ஓலையை அப்போதுதான் முதன்முறை படிப்பவர்போல் படித்தார். பின்பு எழுத்தாணி கேட்டு வாங்கி, அணைக்கும் வரியையும் ஆளை அனுப்பும் வரியையும் கீறினார். கடைசிப் படி ஆக்கி முடியும்வரை ஆட்டமும் அணையாது, ஆக்குநரும் நீங்கார் எனத் தம் கையால் எழுதி நும் பெயரால் முத்திரை பொறித்தார். எழுந்த ஆரவாரத்தில் கூரை நின்றதே வியப்பு. அமைச்சன் என்பதை மறந்து யானும் குதித்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

கடைசிப் படி என்று முடியும் என நீர் கேட்பீர் அன்றோ? யானே நல்லினியைக் கேட்டேன். அவசரமில்லை என்றார்.

ஆகவே வேந்தர் ஆணை இது. மாடம் நும்முடையது, வாழ்த்துகிறோம். நும் முகவர் எழுதியது நும் சொல்லே ஆதலின், அச்சொல் எம் காவலில் நிற்கும். மாற்ற விரும்பின் நீரே கடல் கடந்து வந்து, ஊரார்முன் அமர்ந்து முதற்படி ஏறுக. நீலியை அன்று வீட்டில் இருக்கச் சொல்வோம்.

அலைகொண்டார் இலச்சினை இட்டு, ஆவணி வளர்பிறை ஒன்பதாம் நாள் அவையோர் அறிய விடுத்தது. இவ்வாணை நிலைபெறுக.

பின்குறிப்பாக ஒன்று. இப்பொதியில் உள்ள முத்திரை மோதிரம் நும்முடையதே. களவு என்று எண்ணற்க. கோவனார் ஒன்பதாம் படியில் இருக்கிறார், எப்போது எழுவார் என யாம் அறியோம். மோதிரத்தை அவரே கழற்றித் தந்தார். விசையை அழுத்தும்போது இடறுகிறதாம்.